செல்லத்தாயின் வீட்டில் நடந்த பரீட்சை

"டீச்சர், சேவைக்கு எப்படி மார்க் போடுறது?" என்று போன வாரம் ஒரு பெண் தொலைபேசியில் கேட்டாள். என்னிடம் நர்சிங் படித்தவள், இப்போது அவளே பாடம் நடத்துகிறாள். இனிமேல் டாக்டரோ நர்ஸோ இஞ்சினியரோ, தொழிற்படிப்பு படிக்கிற எல்லோரும் ஊருக்குள் போய்ச் சேவை செய்து காட்டினால்தான் பட்டம் என்று ஏதோ வரப்போகிறதாம். கல்லூரி மலருக்கு என் அனுபவத்தில் நல்லதாக நாலு விஷயம் எழுதித் தரச் சொன்னாள். நல்லதாக நாலு விஷயத்துக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை. போனை வைத்ததிலிருந்து அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். எழுதித் தொலைத்தாலாவது கால் ஓய்கிறதா பார்க்கலாம்.

நான் நர்ஸ் ஆன கதையைச் சொல்லிப் படுத்த மாட்டேன். அப்பா நாகர்கோவில்காரர், திருவனந்தபுரத்தில் குமாஸ்தா. மாநிலம் பிரிந்தபோது ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே இருந்துவிட்டார். கரமனையில் ஆற்றுக்கு இறங்குகிற சந்தில் எங்கள் வீடு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ் என்று வளர்ந்தேன். அறுபதுகளில் படிப்பு, பிறகு வார்டில் சில வருஷ ஓட்டம், மேல்படிப்பு, கடைசியில் நர்சிங் கல்லூரியிலேயே பொதுசுகாதாரப் பாடத்துக்கு ஆசிரியை. அவ்வளவுதான்.

பொதுசுகாதாரப் பாடம் என்றால் வீடு வீடாகப் போவது. நான் சேர்ந்த புதிதில் இதற்கு மார்க் கிடையாது. பிள்ளைகளை பஸ்ஸில் கொண்டுபோய் ஏதாவது குடியிருப்பில் இறக்கிவிடுவோம். அவர்கள் ஒரு வீட்டுக்குள்ளும் கால் வைக்காமல் மரத்தடியில் உட்கார்ந்து, 'குடும்பத்தினருக்குச் சத்துணவு பற்றி எடுத்துச் சொல்லப்பட்டது' என்று எழுதிவிட்டு, திரும்புகிற வழியில் கிழக்கேகோட்டையில் இறங்கி சர்பத் குடித்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டுவேன். மறுநாளும் அதே மரத்தடி, அதே சர்பத்.

இதை மாற்றியவர் எங்கள் பிரின்சிபல் ஏலியாம்மா மேடம். குட்டையான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவர் அறையில் நாற்காலிகள் இருக்கும், ஆனால் உட்காரச் சொல்ல மாட்டார். நாம் நின்றபடி விஷயத்தைச் சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். துடைத்துக்கொண்டே, "பின்னே?" என்பார். அப்புறம் என்ன என்று கேட்கிறார். நாம் இன்னும் கொஞ்சம் சொல்வோம். மறுபடி, "பின்னே?" சொல்ல வேண்டாம் என்று நினைத்துப் போனது அத்தனையும் வாயிலிருந்து தானாகக் கொட்டிவிடும். பெரிய பெரிய டாக்டர்களே அந்த ஒற்றை வார்த்தைக்கு முன்னால் உளறியதைப் பார்த்திருக்கிறேன்.

"மார்க் இல்லாத்த காரியம் பிள்ளேர் செய்யுமோ சரோஜா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். செய்யாது மேடம் என்றேன். அவர் பல்கலைக்கழகக் குழுவில் போய் உட்கார்ந்து, வருஷக்கணக்காகப் பேசி, அதைச் சாதித்தார். ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு வீடு. இரண்டு மாதம் தினமும் அங்கே போக வேண்டும். கடைசியில் அந்த வீட்டிலேயே பரீட்சை. வெளிக்கல்லூரியிலிருந்து எக்ஸாமினர் வருவார். பையைக் கையாள்வதற்கு இத்தனை, நோயாளியிடம் பேசுவதற்கு இத்தனை என்று மார்க். கடைசித் தலைப்பு, 'குடும்பத்தில் கண்ட மாற்றம்'. மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் இதில் தனியாகத் தேற வேண்டும். ஒழுங்காக வேலை செய்திருந்தால் அந்த வீட்டில் மாற்றம் தெரியாமலா போகும் என்பது மேடத்தின் கணக்கு. அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மரத்தடி காலியானதே, அது போதாதா?

பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருக்கும், எங்களுக்கு அதுதான் மானம். கறுப்புத் தோல்பை. வீட்டுக்குள் போனதும் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது. பக்கத்துப் பாக்கெட்டிலிருந்து பழைய செய்தித்தாளை எடுத்து விரித்து அதன்மேல் வைக்க வேண்டும். முதலில் சோப்பும் துண்டும் மட்டும் வெளியே வரும். கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் பைக்குள் கை போகலாம். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, வேண்டியதை எல்லாம் வெளியே எடுத்துப் பையை மூடிவிட வேண்டும். நடுவில் ஏதாவது மறந்துபோனால் மறுபடி கை கழுவு. ஊசி போடுவதானால் கண்ணாடி சிரிஞ்சை அந்த வீட்டு அடுப்பிலேயே கொதிக்கவைத்து, ஆறவைத்து எடுக்க வேண்டும். முடிந்ததும் ஏப்ரனின் வெளிப்பக்கம் உள்ளே போகும்படி மடித்து, செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திவிட்டு வர வேண்டும். கழுவாத கையைப் பைக்குள் விட்ட ஒரு மாணவியை மேடம் அன்று முழுக்க வெறும் பையைத் திறந்து மூட வைத்தார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். எங்கள் வீட்டைத் தாண்டி ஆற்றங்கரையில் ஓலைக் குடிசைகள் வரிசையாக இருந்தன. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த சனங்கள். அதில் ஒருத்தி செல்லத்தாய், சித்தாள். சாந்துச் சட்டி சுமக்கிறவள். புருஷன் கொத்தனார், வேலை கிடைத்த ஊரில் தங்கிவிட்டு எப்போதாவது வருவான். பேச்சி என்று ஒரு சின்னப் பெண் குழந்தை. செல்லத்தாய்க்கு நெஞ்சில் காசநோய். தினம் ஊசி, கூடவே மாத்திரை. ஊசிக்காகத் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய வேலை போயிற்று. வேலைக்குப் போனால் ஊசி போயிற்று. அதனால் அந்த வீட்டை ஒரு மாணவிக்குக் கொடுத்தோம். அவள் பெயர் ஓமனா.

ஓமனா கல்லாற்றுக்காரி. பொன்முடி ஏறுகிற வழியில் அவள் அப்பாவுக்கு ஒரு சின்னச் சாயாக்கடை. இவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். பாஸானால் அந்த பாட்ச் பிள்ளைகளுக்கு ஒன்றாக அரசாங்க வேலை வருவதாக இருந்தது. வீட்டில் அதை நம்பி எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தார்கள். அவள் வேலையில் ஒரு பிசகு சொல்ல முடியாது. விடிந்தும் விடியாமலும் ஹாஸ்டலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, செல்லத்தாய் வேலைக்குக் கிளம்புமுன் ஊசி போட்டுவிடுவாள். அடுப்பில் சிரிஞ்ச் கொதிக்கும்போது பேச்சிக்குத் தலை பின்னிவிடுவாள். போகும்போது, "அக்கா, மருந்து கழிச்சோ?" என்று கேட்பாள். மாத்திரை சாப்பிட்டாயா என்று அர்த்தம். "தின்னுட்டேன் தாயி" என்பாள் செல்லத்தாய். மேற்பார்வைக்குப் போகும் நாட்களில் நானும் இதைக் கேட்டிருக்கிறேன்.

பரீட்சை நாள் வந்தது. நான் எக்ஸாமினரை அழைத்துக்கொண்டு போகிறேன், அந்தக் குடிசை வரிசையே கலியாண வீடாக இருக்கிறது. வாசல் முழுக்கச் சாணி தெளித்துக் கோலம். பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் தன்னுடைய எவர்சில்வர் குடத்தைக் கொண்டுவந்து செல்லத்தாயின் வீட்டில் வைத்திருந்தாள், கண்ணுக்கு நிறைவாக இருக்கட்டும் என்று. மீன்காரியிடம், "இங்க நின்னு கூவாத, இன்னிக்கு எங்க புள்ளைக்குப் பரீச்ச" என்று விரட்டிக்கொண்டிருந்தாள். செல்லத்தாய் கலியாணப் புடவை உடுத்தி, முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஓமனா தாளை விரித்தாள், பையை வைத்தாள், கை கழுவினாள், ஊசி போட்டாள். எக்ஸாமினர் தலையை ஆட்டிக்கொண்டே மார்க் போட்டார். பிறகு செல்லத்தாயைப் பார்த்து, "இப்போ எப்படி உண்டு? சும குறைஞ்சோ?" என்று இருமலைப் பற்றி விசாரித்தார். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்த செல்லத்தாய்க்கு மலையாளம் நன்றாகவே புரியும்.

"இருமலா? அது போன எடம் தெரியலம்மா. ராத்திரி நல்லா ஒறங்குதேன், நல்லா சாப்பிடுதேன். எல்லாம் இந்தப் புள்ள செஞ்ச புண்ணியம்."

சொல்லிவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு கை வாசல் கட்டையைப் பிடித்தது. வார்டில் நின்ற நாட்களில் நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், இருமலை விழுங்குகிறவளை எனக்குத் தெரியாதா? எக்ஸாமினர் கடைசித் தலைப்புக்கு வந்துவிட்டார். பேனா தாளில் இறங்கப் போகிறது. கல்லூரி ஆசிரியையான நான் பரீட்சையின்போது பக்கத்தில் நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் விதி.

நான் ஓமனாவின் பைக்குள் கையை விட்டேன். கழுவாத கை. சளி பிடிக்கிற மூடி போட்ட எனாமல் கிண்ணத்தை எடுத்து நீட்டினேன்.

"செல்லத்தாயி, இதுல துப்பு."

அவள் என்னைப் பார்க்கவில்லை, ஓமனாவைப் பார்த்தாள். "வேண்டாம் டீச்சரம்மா. ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லேன்னா துப்பிக் காட்டு."

அதற்குள் இருமல் தானாகவே வந்துவிட்டது. வந்தால் நிற்கவில்லை. உட்கார்ந்தாள், குனிந்தாள், கலியாணப் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். கிண்ணத்தில் விழுந்த சளியில் ரத்தம் இருந்தது. எக்ஸாமினர் பேனாவைப் பிடித்தபடி நின்றார். ஓமனா மட்டும்தான் அசைந்தாள். குழந்தையை வெளியே அனுப்பினாள், செல்லத்தாயின் முதுகைத் தாங்கிச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்தாள், கிண்ணத்தை மூடினாள், போய்க் கை கழுவினாள். அதற்கும் எக்ஸாமினர் நல்ல மார்க் போட்டதைப் பின்னால் பார்த்தேன். கடைசித் தலைப்பில் பூஜ்யம்.

இசக்கியம்மாள் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "மாத்திரைய எங்க தின்னா? எல்லாத்தையும் கூரையில சொருகி வச்சிருக்கா." கையை விட்டு இழுத்தாள். ஓலைக்குள்ளிருந்து பொட்டலம் பொட்டலமாக வந்தது.

"தின்னா கொடலப் பொரட்டுது டீச்சரம்மா. சட்டி தூக்க முடியல. வேலைக்குப் போவாண்டாமா?" என்றாள் செல்லத்தாய்.

"அதைச் சொல்றதுக்கு என்ன?"

"எப்படிச் சொல்ல? இங்க வார புள்ளைக எல்லாம் பேசிக்கிடுதுக, சீக்காளிக்குச் சொகமாவலன்னா மார்க்கு கெடையாதுன்னு. இது தெனமும் இருட்டோட வந்து நிக்குது. தின்னேன்னா அது மொகம் மலந்துபோவுது. என்னால அதுக்கு ஒரு கொறை வரலாமா?"

ஓமனா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். செல்லத்தாயை அன்றே காசநோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் மாத்திரையை மாற்றினார். ஊசி மறுபடி முதலிலிருந்து.

மறுநாள் மேடத்தின் அறை. நின்றேன். நடந்ததைச் சொன்னேன். கண்ணாடி கழன்றது.

"பின்னே?"

"அவ ரத்தம் துப்புறா மேடம். சுகமாச்சுன்னு எழுதப் போறாங்க. எப்படிப் பார்த்துட்டு நிக்கிறது?"

"பின்னே?"

"மாற்றத்துக்கு மார்க் வச்சதுதான் தப்பு மேடம். நோய் குணமானாத்தான் பிள்ளை பாஸுன்னா நோயாளி பொய்தான் சொல்லுவா. வர்ற நர்ஸ் நல்லவளா இருந்தா இன்னும் அழகாப் பொய் சொல்லுவா."

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எக்ஸாமினர் போன பின்னே நீ கேட்டிருக்கலாம். அவளை அப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம். செல்லத்தாய்க்கு ஒரு மணிக்கூர்தான் தாமசம். ஓமனா பாஸாயிருக்கும். நீ எதுக்கு அப்போ கேட்டே?"

இந்தக் கேள்வியைத்தான் இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டு அலைகிறேன். அன்று நான் சொன்ன பதில் இதுதான்: "பரீட்சையிலே சுகமாச்சுன்னு எழுதின ஆளுக்கு மறுநாள் யார் மேடம் ஊசி போடுவா? ஓமனா அன்னிக்கு சாயங்காலமே பெட்டியைக் கட்டிக்கிட்டு கல்லாற்றுக்குப் போயிருப்பா. அடுத்த பாட்ச் வேற வீட்டுக்குப் போயிருக்கும். செல்லத்தாயும் வேலைக்குப் போயிருப்பா." சொன்னது சரி. இப்போதும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் படுத்தால் தூக்கம் வராத நாட்களில் அந்த ஒரு மணிக்கூர், ஒரே ஒரு மணி நேரம், வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறது. நானே மறுநாள் ஊசி போட்டிருக்கலாமே, என் வீடு ஆற்றங்கரையில்தானே என்று கேட்கும். போட்டிருப்பேன். அடுத்த வீட்டுக்கு, அதற்கடுத்த வீட்டுக்கு? இப்படியே நானும் அதுவும் சண்டை போட்டுக்கொண்டு கிடப்போம்.

அந்த வாரத்திலேயே செல்லத்தாய் கல்லூரிக்கு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிய கையோடு, பேச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு. பியூன் தடுத்தும் கேட்கவில்லை. நான் பார்த்தபோது மேடத்தின் மேசைக்கு எதிரில் நின்றிருந்தாள். நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

"பெரியம்மா, இருமுனது நானு. தோத்தது அந்தப் புள்ளையா? இது என்ன நியாயம்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். பழக்கம்தானே. "பின்னே?"

செல்லத்தாய்க்கு அந்த வார்த்தைக்கு நடுங்கத் தெரியாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். "பெறகு என்ன? என்னையத் தோக்கடிங்க. அந்தப் புள்ளைக்குப் போட்டுக் குடுங்க."

மேடம் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடி அப்படியே கையில் நின்றது. எழுந்துவந்து, தன் எதிரில் இருந்த நாற்காலியை இழுத்து, "இரிக்கு" என்றார். உட்கார் என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான். செல்லத்தாய் உட்கார்ந்தாள். பேச்சி மேசையிலிருந்த பேனாவை எடுத்து வாயில் வைத்தாள். அதைக்கூட மேடம் தடுக்கவில்லை.

மார்க் பல்கலைக்கழகத்துக்குப் போயாயிற்று, திருத்த வழியில்லை. ஆனால் 'குடும்பத்தில் கண்ட மாற்றம்' என்ற தலைப்பை அடுத்த பாட்சிலிருந்து எடுத்துவிட மேடமே குழுவில் போய்ப் பேசினார். தான் கட்டியதைத் தானே இடிப்பது லேசா? முகத்தில் எதையும் காட்டாமல் செய்தார். ஊசி நடக்கும் வீட்டை ஒரு மாணவி விட்டுப் போகும்போது, அடுத்தவளைக் கையோடு கூட்டிவந்து நோயாளியின் முன்னால் ஒப்படைக்க வேண்டும் என்பதும் அப்போது வந்ததுதான்.

தோற்றவள் இரண்டு மாதத்தையும் திரும்பச் செய்ய வேண்டும், அதுவும் புது வீட்டில் என்பது விதி. ஓமனா அதே வீட்டைக் கேட்டாள். மேடம் சரி என்றார். ஓமனா திரும்ப அந்த முதல் பஸ்ஸில் வந்தாள். இந்தமுறை "மருந்து கழிச்சோ" என்று கேட்கவில்லை. கஞ்சி குடிக்கவைத்து, மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கியதும், "வாய் திற" என்பாள். செல்லத்தாய் குழந்தை மாதிரி திறந்து காட்டுவாள். சில நாள் குடலைப் புரட்டி அழுதிருக்கிறாள். ஓமனா விடவில்லை. ஊசி முழுதாக முடிந்தது. அவள் தோற்காமல் போயிருந்தால் முடிந்திருக்குமா என்பதை நினைக்காமல் இருக்கத்தான் பார்க்கிறேன்.

ஓமனா பாஸானாள். ஆனால் அவளோடு படித்தவர்களுக்கு வேலை உத்தரவு வந்து, அவர்கள் எல்லோரும் எப்போதோ வார்டுகளில் சேர்ந்துவிட்டார்கள். இவளைக் காத்திருக்கச் சொன்னார்கள். அவள் அப்பா கடன் வாங்கிக் கடையை ஓட்டினார். பெரிய தங்கையின் கலியாணப் பேச்சு நின்றுபோனது. ஓமனா கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தாள்.

சேர்வதற்கு முன் என்னைப் பார்க்க வந்தாள். விடைபெற வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"டீச்சர் செஞ்சது சரிதான். அது எனக்கு அறியாம்" என்றாள். "ஆனா டீச்சரை க்ஷமிக்க என்னால முடியாது. அதை நேருல சொல்லணும்னு வந்தேன்."

வருத்தமா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று நெஞ்சில் ஏறியது. கெஞ்சத் தோன்றவில்லை. என் சுபாவம் அப்படி.

"க்ஷமிக்க வேண்டாம்" என்றேன். "செல்லத்தாய்க்கு மாத்திரை இன்னும் ஒரு வருஷத்துக்கு மேலே உண்டு. நாங்க யார் சொன்னாலும் ஏய்ச்சுடுவா. நீ சொன்னாத்தான் வாயைத் திறப்பா. வாரம் ஒரு தரம் போய் மிச்சத்தை எண்ணினாலே போதும்."

ஓமனா என்னை நேராகப் பார்த்தாள். "அதுக்கு மார்க் உண்டோ டீச்சர்?"

"இல்லை."

அவள் போய்விட்டாள். போகட்டும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். கரமனை பஸ்ஸில் இறங்கி, சந்துக்குள் அவள் வருவது தெரிந்தது. வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். ஆற்றங்கரைக்கு என் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே வழியாகத் திரும்பினாள், பேச்சி சந்து முனைவரை கூடவே ஓடிவந்து வழியனுப்பினாள். அடுத்த ஞாயிறும் வந்தாள். மழையிலும் வந்தாள். அடுத்த வருஷம் டாக்டர் செல்லத்தாயின் நெஞ்சு தெளிந்துவிட்டது, இனி மாத்திரை வேண்டாம் என்று சொல்லும்வரை வந்தாள். என்னோடு பேசவே இல்லை.